ஒரே கறுப்பு கோட்டு, 18 டிசைன்

என் ரூம்மேட் லேப்டாப்ல டக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். லினக்ஸ் லோகோ, தெரியாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. ஒரு நாள் ராத்திரி மெஸ்ஸுல சாப்பிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தப்போ கேட்டேன்.

"டேய், இது எந்த பெங்குவின்டா?"

"பெங்குவின்னா பெங்குவின்தான். அதுல என்ன எந்த?"

எனக்கும் அதுவரைக்கும் அப்படித்தான். கறுப்பு கோட்டு, வெள்ளை சட்டை, பனிக்கட்டி, தத்தக்கா பித்தக்கா நடை. அவ்ளோதான் பெங்குவின். அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சு, ஒரு வாரம் கழிச்சும் நிறுத்த முடியல. அந்த ஒரு வாரத்துல படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம், பெங்குவின்ல பொதுவாக 18 இனங்கள் இருப்பதாகக் கணக்கு வைக்கிறார்கள். சில ஆராய்ச்சியாளர்கள் ஒன்றிரண்டு கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். ஒரே இனமா, இரண்டா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. இந்த 18-ல அண்டார்டிகாவை மட்டுமே நம்பி முட்டையிடுபவை எம்பரர், அடேலி என்ற இரண்டுதான். மிச்சமெல்லாம் நியூசிலாந்து காடு, சிலியின் பாலைவனக் கடற்கரை, தென்னாப்பிரிக்காவில் வெயிலில் காயும் பாறைகள் என்று எங்கெங்கோ இருக்கின்றன. ஒன்று பூமத்திய ரேகையிலேயே குடியிருக்கிறது. 2016-ல் மும்பை பைகுல்லா மிருகக்காட்சிசாலைக்கு பெங்குவின் கொண்டு வந்தபோது "இந்த ஊர் சூட்டுல பனிக்கட்டிப் பறவையா?" என்று பலரும் கேட்டார்கள். வந்தவை ஹம்போல்ட் பெங்குவின்கள். பெரு, சிலி கடற்கரைதான் அவற்றின் சொந்த ஊர். அடைத்து வைக்கலாமா என்பது வேறு கேள்வி, அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனா பனிக்கட்டிக்கும் ஹம்போல்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

(பெயர்களுக்குத் தமிழ் போடலாமான்னு யோசிச்சேன். "சக்கரவர்த்திப் பெங்குவின்" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க போய்த் தேடினா ஒண்ணும் கிடைக்காது. அதனால உலகம் கூப்பிடும் பெயரையே எழுதிவிடுகிறேன்.)

27 கிலோவும் 1 கிலோவும்

பெங்குவின்லேயே பெரியது எம்பரர். உயரம் ஒரு மீட்டருக்கு மேல், எடை 22-லிருந்து 40 கிலோ வரை போகும். சின்னது லிட்டில் பெங்குவின். ஆஸ்திரேலியாவின் தென்கரையிலும் நியூசிலாந்திலும் இருக்கிறது. உயரம் சுமார் 33 செ.மீ., அதாவது நம்ம 30 செ.மீ. ஸ்கேலை விடக் கொஞ்சம் கூட. எடை ஒரு கிலோவும் சொச்சமும். லினஸ் டார்வால்ட்ஸை ஆஸ்திரேலியாவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் கடித்ததாக அவரே சொல்வது இந்தக் குட்டியைத்தான்.

ஏன் குளிரான இடத்துல பெருசும், மிதமான இடத்துல சிறுசும்? இதற்குப் பதில் ஒரு பக்கக் கணக்குதான். கணக்குக்கு வசதியாக எம்பரர் 27 கிலோ, லிட்டில் 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வடிவம் என்றும் வைத்துக்கொள்வோம். எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஆக 27 மடங்கு எடைக்கு 3 மடங்கு நீளம் போதும். வெப்பம் வெளியே போவது தோல் வழியாக. தோலின் பரப்பு நீளத்தின் இரண்டாம் அடுக்கில்தான் ஏறும், அதாவது 9 மடங்கு. வெப்பத்தை உண்டாக்கும் உடம்பு 27 மடங்கு, வெப்பத்தை விடும் தோல் 9 மடங்கு. ஒரு கிலோவுக்கு இவ்வளவு தோல் என்று பார்த்தால் எம்பரருக்கு லிட்டிலைப் போல மூன்றில் ஒரு பங்குதான். அண்டா சாம்பார் ஆற நேரமாகும், கிண்ணத்தில் ஊற்றியது உடனே ஆறும் இல்லையா, அதே கதை.

இதோட முடியவில்லை. எம்பரரின் அலகும் துடுப்பும் உடம்புக்குப் பார்த்தால் சின்னவை, காலில் கீழ்வரைக்கும் இறகு இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் குறைத்திருக்கிறது. குறைக்க முடியாத துடுப்புக்கு இன்னொரு ஏற்பாடு இருக்கிறது, அது எல்லாப் பெங்குவினுக்கும் பொது. துடுப்புக்குள் சூடான ரத்தம் கொண்டு போகும் தமனிகளும், குளிர்ந்த ரத்தம் கொண்டு வரும் சிரைகளும் ஒட்டி ஒட்டிப் போகின்றன, ஆனால் எதிர் எதிர் திசையில். போகும் சூடு வருவதற்கு ஏறிவிடும். துடுப்பு நுனி கடல் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கும், உடம்பு 38 டிகிரியிலேயே இருக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்ல பேரலல் ஃப்ளோ, கவுன்டர் ஃப்ளோ ரீடிங் எடுத்து, ஏன் எப்பவும் கவுன்டர் ஃப்ளோ ஜெயிக்குதுன்னு ரெக்கார்டுல எழுதினோமே, அதே எக்ஸ்சேஞ்சர். நம்ம லேப்ல இருக்கிறது கசியும். இது கசியாது.

பெரிய உடம்பு ஆழத்துக்கும் உதவும். உடம்பில் சேர்த்து வைக்கும் ஆக்சிஜன் எடையோடு ஏறும். செலவோ எடையை விட மெதுவாகத்தான் ஏறும். அதனால் பெரியவன் அதிக நேரம் மூச்சடக்கலாம். லிட்டில் பெரும்பாலும் 20 மீட்டருக்குள்தான் இரை தேடும். எம்பரரின் ரெக்கார்டு 564 மீட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட 57 அட்மாஸ்பியர். நேரத்தில் ரெக்கார்டு 32 நிமிடம். சாதாரண நாளில் ஐந்தாறு நிமிடத்தில் மேலே வந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டை மட்டும் சொன்னா தினமும் அப்படித்தான்னு நினைச்சுக்குவீங்க.

எம்பரரும் கிங்கும்

எனக்கு ரொம்பப் பிடித்த ஒப்பீடு இதுதான். இரண்டும் ஒரே பேரினம், பார்க்கவும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுக்கும் ஒரே பிரச்சினை: குஞ்சு பெருசு, வளர ரொம்ப மாதம் ஆகும், ஆனால் கோடைக்காலம் சில மாதம்தான். ஒரு கோடைக்குள் முட்டையிட்டு, அடைகாத்து, வளர்த்து, கடலுக்கு அனுப்ப முடியாது. என்ன செய்வது?

எம்பரர் பின்னாலிருந்து கணக்குப் போட்டது. குஞ்சு டிசம்பர் வாக்கில் கடலில் இறங்கணும், அப்போதான் சாப்பாடு இருக்கும். அப்படின்னா முட்டை மே, ஜூன்ல இடணும். அது அண்டார்டிகாவின் குளிர்காலத் தொடக்கம். முட்டையை இட்டவுடன் அம்மா அதை அப்பாவின் பாதத்துக்கு மாற்றிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். சுமார் 65 நாள், இருட்டிலும் புயலிலும், முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு அப்பா நிற்கும். முட்டை பனியைத் தொட்டால் கதை முடிந்தது. வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு மாதம் சாப்பாடு கிடையாது. எடையில் 40 சதவீதம் வரை போய்விடும். அம்மா திரும்புவதற்கு முன் குஞ்சு பொரித்துவிட்டால், அந்தப் பட்டினி வயிற்றிலிருந்தே பால் மாதிரி ஒன்றைச் சுரந்து ஊட்டும். எனக்கு இந்த இடத்தில் படிக்கிறதைக் கொஞ்ச நேரம் நிறுத்தத் தோணுச்சு.

இந்த அப்பாக்கள் கூட்டமாக நெருக்கி நிற்பதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்போம். தோல் பரப்பைக் குறைக்கும் அதே கணக்குதான், இந்தத் தடவை கூட்டமாகச் சேர்ந்து. கூட்டத்தின் நடுவில் வெப்பம் 37 டிகிரி வரைக்கும் ஏறும். ஆனால் இவ்வளவு இறுக்கமாக நின்றால் நடுவில் இருப்பவன் நடுவிலேயே, ஓரத்தில் இருப்பவன் ஓரத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே? 2011-ல் வெளியான ஒரு ஆய்வில் நேர இடைவெளி விட்டு எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தார்கள். 30-லிருந்து 60 விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு பறவையும் 5-லிருந்து 10 செ.மீ. மட்டும் அடி வைக்கிறது. அந்த அடி அலை மாதிரி கூட்டம் முழுக்கப் பரவுகிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மொத்தக் கூட்டமும் கலங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருடம் கலிபோர்னியாவில் கணிதக்காரர்கள் காற்றோட்டச் சமன்பாடுகளை வைத்து இதை மாடல் செய்தார்கள். ஒவ்வொரு பறவையும் தன் குளிரைக் குறைக்க மட்டும் நகர்ந்தாலும், கடைசியில் வெப்பம் ஏறக்குறைய எல்லோருக்கும் சமமாகப் பிரிந்துவிடுகிறது என்று வந்தது.

கிங் எதிர்ப்பக்கம் போனது. அது கடல் பனி இல்லாத துணை அண்டார்டிகத் தீவுகளில் இருக்கிறது. குளிர்காலத்தில் முட்டை எல்லாம் வேண்டாம், கோடையிலேயே இடலாம், குஞ்சு ஒரு குளிர்காலம் காத்திருக்கட்டும் என்று முடிவெடுத்தது. மொத்த சுழற்சி 14 மாதத்துக்கும் மேல். குளிர்காலத்தில் அப்பா அம்மா எப்போதாவதுதான் வந்து ஊட்டும். பழுப்பு நிறக் கம்பளி போர்த்திய குஞ்சுகள் இளைத்துக்கொண்டே நிற்கும். பழைய காலத்து மாலுமிகள் இதை வேறொரு பெங்குவின் இனம் என்றே நினைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இழுப்பதால், மூன்று வருடத்தில் அதிகபட்சம் இரண்டு குஞ்சுதான். கோர்ஸ் முடிய ஒரு செமஸ்டர் கூட ஆகும், ஆனா ஃபெயில் ஆகாம இருக்கப் பார்க்கும்.

எம்பரரின் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. கரையோடு ஒட்டிய கடல் பனி ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை உடையாமல் இருக்க வேண்டும். குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் வரை காலுக்குக் கீழே தரை வேணுமே. 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசென் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கே கவனித்துவந்த 5 காலனிகளில் 4-ல் அந்த வருடம் ஒரு குஞ்சுகூடத் தப்பவில்லை என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களிலிருந்து சொன்னார்கள். பறவைகளை எண்ணவில்லை; பனியின் மேல் தெரியும் எச்சத்தின் பழுப்புக் கறையைத்தான் பார்த்தார்கள். கறை இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

மூன்று பங்காளிகள்

அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ மூன்றும் ஒரே பேரினம்.

சின்ஸ்ட்ராப்பை அடையாளம் காண்பது சுலபம், ஹெல்மெட் வார் மாதிரி தாடைக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு. 2023-ல் இதன் தூக்கத்தைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. கிங் ஜார்ஜ் தீவில் கூட்டில் இருந்த பறவைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால், ஒரு தடவை தூங்குவது சராசரியாக 4 விநாடி. ஆனால் ஒரு நாளைக்கு 10,000 தடவைக்கு மேல். பெருக்கிப் பாருங்க: 40,000 விநாடி, 11 மணி நேரத்துக்கு மேல். முட்டையைத் திருட வரும் ஸ்குவா பறவை ஒரு பக்கம், கல் திருட வரும் பக்கத்து வீட்டுக்காரன் இன்னொரு பக்கம், கண்ணை முழுசா மூட முடியாது. காலை 8 மணி கிளாஸ்ல நம்ம செய்றதும் கிட்டத்தட்ட இதுதான், ஆனா அந்தப் பறவை பாஸ் ஆகுது.

அடேலிக்கும் ஜென்டூவுக்கும் உள்ள வித்தியாசம் வேறு மாதிரி. அடேலி கண்டிப்பானது. குளிர்காலத்துக்குக் கடல் பனி வேணும், அக்டோபரில் அதே பாறைக்குத் திரும்பணும், சாப்பாடு பெரும்பாலும் கிரில் (நம்ம ஊர் கூனி இறால் மாதிரி ஒன்று, ஆனால் கொஞ்சம் பெருசு). ஜென்டூ அட்ஜஸ்ட் பண்ணிக்கும். கிரிலும் சாப்பிடும், மீனும் சாப்பிடும். பனி தாமதமாக உருகினால் முட்டையையும் தள்ளிப்போடும். முதல் முட்டைகள் போனால் திரும்ப இடும். நீச்சலிலும் பெங்குவின்லேயே வேகமானது இதுதான்.

அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் உலகிலேயே வேகமாகச் சூடாகிவரும் இடங்களில் ஒன்று. அங்கே பால்மர் ஆய்வு நிலையத்தைச் சுற்றி 1970-களிலிருந்து அடேலி 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. முன்பு அங்கே முட்டையிடாத ஜென்டூ தெற்கு நோக்கி வந்து குடியேறியிருக்கிறது. இதைப் படித்ததும் அடேலி அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவசரப்பட்டுட்டேன். அதே தீபகற்பத்தின் மறுபக்கம், பனி இன்னும் இறுக்கமாக இருக்கும் வெடல் கடல் பக்கத்தில், டேஞ்சர் தீவுகள் என்று ஒரு சின்னக் கூட்டம். லேண்ட்சாட் படங்களில் எச்சத்தின் கறை எதிர்பார்க்காத அளவுக்குத் தெரிந்தது. 2015-ல் நேரில் போய், டிரோனில் படமெடுத்து, எண்ணுவதற்கு நியூரல் நெட்வொர்க்கும் வைத்துக் கணக்கெடுத்தார்கள். முடிவு 2018-ல் வந்தது: 7,51,527 ஜோடி அடேலி. 15 லட்சம் பறவை, அந்த அளவுக்கு அங்கே இருப்பது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. சிஎஸ்சி நண்பர்களே, கிளாசிஃபிகேஷன் புராஜெக்ட்டுக்கு நாய், பூனையை விட்டா வேற டேட்டாவும் இருக்கு.

ஒரு பழைய கோடு

கொண்டை வைத்த பெங்குவின்கள் ஏழெட்டு இனம் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொன்னால் போரடிக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நியூசிலாந்துக்குத் தெற்கே, பவுண்டி, ஆன்டிபோடீஸ் தீவுகளில் இருக்கும் எரெக்ட்-கிரெஸ்டட். இது இரண்டு முட்டை இடும். முதலாவது சின்னது, சில நாள் கழித்து வரும் இரண்டாவது அதைவிட 80 சதவீதத்துக்கும் மேல் பெருசு. வேறெந்தப் பறவையிலும் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. முதல் முட்டையை அது சரியாக அடைகாப்பதே இல்லை. உருண்டு போனாலும் கண்டுகொள்ளாது. இரண்டாவதை மட்டும்தான் வளர்க்கும். இரண்டு குஞ்சுக்கு ஊட்ட அந்தக் கடலில் முடியாது. சரி, அப்போ எதுக்கு முதல் முட்டை? முன்னோர்கள் இரண்டு வளர்த்தவர்கள்; அந்த வழக்கம் இன்னும் முழுசாக அழியவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். யாரும் கூப்பிடாத ஃபங்ஷன், ஆனா டெலீட் பண்ணாம கோடுல கிடக்கு.

வெயில் பக்கம்

இப்போ தலைகீழா ஒரு கேள்வி. குளிரைத் தாங்கக் கட்டிய மெஷினை வெயிலில் கொண்டு வந்து வைத்தால்?

கலபகோஸ் பெங்குவின் சுமார் 50 செ.மீ., இரண்டரை கிலோ. பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் வடக்கேயும் போய் வரும் ஒரே பெங்குவின். அது அங்கே வாழக் காரணம் காற்று அல்ல, தண்ணீர். பசிபிக்கின் அடியில் கிழக்கு நோக்கி வரும் குளிர்ந்த குரோம்வெல் நீரோட்டம் தீவுகளின் மேற்குப் பக்கம் மோதி மேலே எழும். அதோடு மீனும் வரும். கரையில் நிற்கும்போது துடுப்பை விரித்துக் காற்று வாங்கும், நாய் மாதிரி மூச்சிரைக்கும், குனிந்து தன் பாதத்துக்குத் தானே நிழல் கொடுக்கும். எக்ஸ்சேஞ்சரைத் திருப்பிப் போட்டுச் சூட்டை வெளியே விடுகிறது.

மற்ற பெங்குவின்கள் குஞ்சு வளர்த்து முடித்த பிறகு மொத்த இறகையும் மாற்றும். அந்த இரண்டு மூன்று வாரம் கடலில் இறங்க முடியாது, பட்டினிதான். கலபகோஸ் பெரும்பாலும் முட்டையிடுவதற்கு முன்பே மாற்றிவிடும். நாளைக்குச் சாப்பாடு இருக்குமா என்று தெரியாத ஊரில் முதலில் கோட்டைச் சரி பண்ணிக்கொள்கிறது. எல் நினோ வந்தால் குளிர்நீர் மேலே வராது. 1982-83 எல் நினோவில் இதன் எண்ணிக்கை 77 சதவீதம் விழுந்தது. கொஞ்சம் எழுந்து வருவதற்குள் 1997-98-ல் இன்னொன்று வந்து 65 சதவீதம் தள்ளிவிட்டது.

அதன் சொந்தக்காரரான ஆப்பிரிக்கப் பெங்குவினுக்கு வந்த கஷ்டம் எல் நினோவிலிருந்து வரவில்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா தீவுகளில் பல தலைமுறைப் பறவைகளின் எச்சம் மீட்டர் கணக்கில் இறுகிக் கிடந்தது. அதில் வளை தோண்டி, உள்ளே நிழலில் முட்டையிட்டு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் குவானோ உரமாக விலை போனது. பாறை தெரியும்வரை சுரண்டி எடுத்துப் போனார்கள். பிறகு பல பத்தாண்டுகள் முட்டைகளையும் எடுத்துத் தின்றார்கள். மேலே திறந்த கூட்டில், கறுப்பு முதுகோடு வெயிலில் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? தாங்க முடியாமல் தண்ணிக்கு ஓடும், அந்த இடைவெளியில் கடற்காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

2000 ஜூனில் டிரெஷர் என்ற கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவில் மூழ்கி எண்ணெய் கொட்டியது. எண்ணெய் பட்ட சுமார் 19,000 பறவைகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கையால் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,500-ஐ லாரியில் ஏற்றி, போர்ட் எலிசபெத் கொண்டு போய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தித் திரும்பி வருவதற்குள் எண்ணெயைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது திட்டம். அப்படியே நடந்தது. படித்ததிலேயே எனக்குப் பிடித்த லாஜிஸ்டிக்ஸ் ஐடியா அதுதான்.

ஆனால் எண்ணெய் ஒரு தடவை வருவது, பசி தினமும் வருவது. இவற்றின் சாப்பாடு மத்தியும் நெத்திலியும். மீன் கூட்டங்கள் இடம் மாறிவிட்டன, மிச்சத்தை வலைகளோடு பங்கு போட வேண்டியிருக்கிறது. இன்று 10,000 ஜோடிக்கும் குறைவு. 2024 அக்டோபரில் ஐயுசிஎன் இதை அழிவின் விளிம்புப் பட்டியலில் வைத்தது. அந்த நிலைக்குப் போன முதல் பெங்குவின் இது.

வளைக்குப் பதில் என்ன செய்யலாம் என்று பல வருடமாக முயல்கிறார்கள். ஃபைபர் கிளாஸ் கூடுகள் வைத்தார்கள், உள்ளே வெந்துவிட்டது. இப்போது வைப்பவை செராமிக் கலந்த துணியில் செய்த இரட்டைச் சுவர்க் கூடுகள்: நடுவில் காற்று இடைவெளி, வெளியே வெள்ளை நிறம், காற்றோட்டத்துக்கு ஓட்டை. மூன்றாம் வருடம் கலவைச் சுவர் கணக்குப் போட்ட எல்லோருக்கும் இது புரியும். கே மதிப்பு குறைவான காற்றை நடுவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜோடி ஜோடியாக வந்து உள்ளே உட்கார்ந்தும் விட்டன. சாப்பாட்டுக்கு வழி 2025 மார்ச்சில் கோர்ட்டிலிருந்து வந்தது. ஆறு முக்கியக் காலனிகளைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கு வலை வீசக் கூடாது என்று உத்தரவு.

டக்ஸ் விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன். ஆரஞ்சு அலகும் காலும் பார்த்தா ஜென்டூ, ஆனா ஜென்டூவுக்குத் தலைக்கு மேலே வெள்ளைப் பட்டை வேணும், டக்ஸுக்கு இல்லை. 18-ல எதுவும் பொருந்தல. ரூம்மேட்கிட்ட சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டான்.